லாரி டிரைவர் சாகவே இல்லை

ஒருவருக்குப் பிடித்த படம் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. "உங்க ரசனை அப்படி" என்று மனதுக்குள் இளப்பமாக நினைத்துக்கொண்டு, காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம். ஒரே படத்தை உயிருக்கு உயிராக நேசிக்கும் இரண்டு பேரை ஒரே அறையில் உட்காரவைக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து. இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. என் ஒரே மகளின் நிச்சயதார்த்தத்தை ஏறக்குறையக் கவிழ்த்து, நானே தெரிந்துகொண்டேன்.

முதலில் என் குற்றப்பத்திரிகையை நானே வாசித்துவிடுகிறேன். நான் கூடலூரில் ஒரு தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை. முப்பது வருடமாக என் பேச்சுவார்த்தை எல்லாம் ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ளவர்களோடுதான். அதனால் இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால், அதைத் திருத்தாமல் எனக்கு அடுத்த வாய்ச் சோறு இறங்காது. திருத்துகிற வேகத்தில் எதிரில் இருப்பவரின் வயதும் மறந்துவிடும். (சிலிண்டர் போட வந்தவரை ஒருமுறை "வரிசைல நில்லு" என்று அதட்டியிருக்கிறேன். அவர் ஒரே ஆள்தான் வந்திருந்தார். பாவம், நின்றார்.)

என் மகள் கார்த்திகாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கோயம்புத்தூரில் வேலை. கூட வேலை பார்க்கும் விக்னேஷை அவளுக்குப் பிடித்திருந்தது, அவனுக்கும் அவளை. பையன் வீடு பெரியகுளம். அப்பா தவமணி, விவசாயத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் தடை ஏதும் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாட்களைத் தவிர வேறு எப்போதும் குரலை உயர்த்தாத என் கணவர், "பிள்ளைக்குப் பிடிச்சிருந்தாச் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அவர்கள் வீட்டில்தான் ஒன்றரை வருடம் இழுத்தது. காரணம், தவமணியின் அக்கா. விக்னேஷுக்குப் பெரியத்தை. தேவதானப்பட்டியில் உட்கார்ந்துகொண்டே பெரியகுளத்து வீட்டை ஆட்சி செய்பவர். சின்ன வயதிலேயே தாயை இழந்த தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்பதால், அவர் கிழித்த கோட்டைத் தவமணி தாண்டமாட்டார். அந்தப் பெரியத்தை தன் வீட்டுக்காரர் வழியில் ஒரு பெண்ணை விக்னேஷுக்கு மனதில் குறித்து வைத்திருந்தார். பையன் மன்றாடி, பட்டினி கிடந்து, கடைசியில் ஒரு அரைச் சம்மதம் வந்தது. "நிச்சயத்துக்குப் போவோம். அங்கன சகுனம் நல்லா இருந்தாத் தட்டு மாத்துவோம். இல்லையா, சாப்பிட்டுட்டு வந்துருவோம்." இதுதான் அவர் சொல்லி அனுப்பியது. அந்த அரையை முழுசாக்க நான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். வாயை மூடிக்கொண்டிருப்பது.

முதல் சந்திப்பில் பெரியவர்கள் யாரும் மனம்விட்டுப் பேசவில்லை. அணையில் எத்தனை அடி தண்ணீர், மாங்காய்க்கு இந்த வருடம் பூ எப்படி என்பதோடு பேச்சு நின்றுவிட்டது. இதைப் பார்த்துப் பயந்துபோன பிள்ளைகள் இரண்டும் சேர்ந்து 'இரு வீட்டார்' என்று வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். அதில் ஒருநாள் விக்னேஷ் ஒரு கேள்வியைப் போட்டான்: "நீங்க எல்லாரும் இளவட்டமா இருந்த வருசம் 1988. அந்த ஒரு வருசத்துல வந்த படங்கள்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது?"

பையன் நல்ல எண்ணத்தில்தான் போட்டான். அவனுக்கு இன்றுவரை நான் எந்தக் குறையும் சொல்வதில்லை. மூன்று வாரமாகக் கட்டைவிரலை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்த தவமணி, அன்றைக்கு ஒரு பக்கக் கட்டுரை எழுதினார். கோர்ட்டில் நடக்கும் படம், காலேஜ் காதல் படம், நாய் துப்பறியும் படம் என்று அலசித் தள்ளிவிட்டார். சம்மந்தியம்மா ஒரு அம்மன் படத்தைச் சொன்னார். என் கணவர் ஒரு திராட்சைக் குலையின் போட்டோவைப் போட்டார். (அவர் எந்தக் கேள்விக்கும் அதைத்தான் போடுவார்.) நான் மூன்று படங்களின் பெயரைக் கம்பீரமாக எழுதினேன்.

ஐந்து நிமிடத்தில் தவமணியிடமிருந்து பதில் வந்தது. "டீச்சரம்மா, நீங்க சொன்ன மூணுமே 87-ல வந்த படம்."

அவர் சொன்னது சரிதான். அந்தக் காலத்தில் மதுரையில் வெளியாகும் படம், தேனியில் ஓடி, சின்னமனூரில் ஓடி, உத்தமபாளையத்தில் ஓடி, கம்பத்தில் தேய்ந்து, அதற்குப் பிறகுதான் எங்கள் ஊர் டாக்கீசுக்கு வரும். வந்து சேரும்போது கதாநாயகன் அடுத்த படத்தில் மீசையை எடுத்திருப்பான். ஆகவே உலகத்தின் எண்பத்தேழுதான் கூடலூரின் எண்பத்தெட்டு. இதை ஒத்துக்கொண்டு போயிருக்கலாம். நான் என்ன எழுதினேன் தெரியுமா? "எங்க ஊருக்கு எப்ப வந்துச்சோ அதுதாண்ணே ரிலீசு." இரண்டு நாள் இது ஓடியது. கார்த்திகா தனியாக எனக்கு ஒரு செய்தி அனுப்பினாள்: "அம்மா, ப்ளீஸ், விட்டுக்குடு."

விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் அதற்குள் தவமணி ஒன்றை எழுதினார்: "யார் என்ன சொன்னாலும் அந்த வருசத்துல ஒரே படம்தான். லாரிப் படம்."

மறுபடி படித்தேன். அது என் படம்! (பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் தேடிப் பார்த்துவிட்டு ஒரு கட்சியில் சேர்ந்துகொள்வீர்கள்.) பெரிய நடிகர்கள் கிடையாது. ஒரு லாரி டிரைவர் தாயில்லாத தங்கையை வளர்த்து, ஆளாக்கி, கல்யாணம் செய்துகொடுக்கிறான். அவ்வளவுதான் கதை. ஊருக்கு வந்த பத்து நாளில் நான் மூன்று தடவை பார்த்து மூன்று தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த படம். அதையும் ஒருவர் நினைவில் வைத்திருக்கிறாரே! "அண்ணே!!! என் உயிர்ப் படம் அது" என்று மூன்று ஆச்சரியக்குறியோடு பதில் போட்டேன். "அப்ப நிச்சயத்துல வச்சு விரிவாப் பேசுவோம் தங்கச்சி" என்றார் அவர். டீச்சரம்மா தங்கச்சி ஆகிவிட்டேன். ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்த்தார், பதினோராவது இதுதான் என்று கணவரிடம் பீற்றிக்கொண்டேன். அவர் திராட்சைக் கத்தரியைத் துடைத்துக்கொண்டே "ம்" என்றார். அந்த "ம்"மை நான் கவனித்திருக்க வேண்டும்.

நிச்சயம் எங்கள் வீட்டில். வெள்ளிக்கிழமை. ஒன்பதே காலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். பத்தரைக்கு ராகு காலம். எட்டே முக்காலுக்கே வேன் வந்துவிட்டது. பெரியத்தை முதலில் இறங்கினார். வாசலில் கோலத்தைப் பார்த்தார், கதவு நிலையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தார். குறை ஒன்றும் கிடைக்கவில்லை போலும், முகம் சுணங்கியது. எனக்கு உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி.

எல்லோரும் கேசரியும் வடையும் சாப்பிட்டார்கள். தாம்பாளங்கள் பூ, பழம், வெற்றிலை, பட்டோடு தயாராக இருந்தன. காபி டம்ளரை வாங்கிக்கொண்டே தவமணி சொன்னார்:

"தங்கச்சி, அந்தக் கடைசிக் காட்சி இருக்கே... அதப் பாத்துட்டு நான் ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல."

"எதுக்குண்ணே சாப்பிடாம இருந்தீக? சந்தோசமாத்தான முடியுது?"

"சந்தோசமாவா? அண்ணங்காரன் லாரியோட பள்ளத்துல விழுந்து செத்துல்ல போறான்!"

கேசரியை வழித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. கல்யாணம் பேச வந்த இடத்தில், கல்யாணத்தன்று அண்ணன் செத்துப்போன கதை. வேறு யாராக இருந்தாலும் "அத விடுங்கண்ணே, இன்னும் ரெண்டு வடை வைக்கவா?" என்று பேச்சை மாற்றியிருப்பார்கள். நான் சிரித்தேன். வீட்டுப்பாடத்தில் தப்பைக் கண்டுபிடித்தால் வருமே, அந்தச் சிரிப்பு.

"அண்ணே, நீங்க வேற படத்தச் சொல்றீக. நம்ம படத்துல அவன் சாகவே இல்ல. தாலி கட்டி முடிஞ்சதும் அண்ணன் லாரில ஏறுறான். கண்ணாடில தங்கச்சியப் பாக்குறான். சிரிக்கிறான். வண்டிய எடுத்துட்டுப் போறான். சுபம்!"

"அதுக்கப்பறம் தங்கச்சி, பிரேக்கு பிடிக்காது. மண்டபத்துக்கு முன்னால அம்புட்டுக் கூட்டம். கூட்டத்தக் காப்பாத்த லாரிய ஒடிச்சுத் திருப்பி மலைல இருந்து விட்டுருவான். அந்தப் பிள்ள மாலையோட ஓடிவரும்..."

"அதுக்கப்பறம்னு ஒண்ணே கிடையாது. சுபம்னு போட்டாச்சு. மூணு தடவ பாத்திருக்கேன்."

"நான் தேவதானப்பட்டில அக்கா வீட்டுல இருந்தப்ப அஞ்சு தடவ பாத்திருக்கேன்."

என் கணவர் எழுந்தார். "நேரம் ஆகுது. தட்ட எடுத்துருவமா?"

"ஒரு நிமிசம்!" என்றோம் நானும் தவமணியும். அன்று காலை நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. தவமணி அதிகாரியாக இருந்தவர் இல்லையா, ஆதாரத்தோடு வந்தார். "முதல் பாதிலயே மெக்கானிக் சொல்றாரே, பிரேக்கப் பாருப்பான்னு. சாகப்போறான்னுதான அத வைக்கிறாக?" நான் விடுவேனா? "அண்ணன் அதுக்கப்பறம் சரி பண்ணிருப்பான்." "எங்க பண்ணான்? காட்டுனாகளா?" "எல்லாத்தையுமா காட்டுவாக? படம் பூரா அண்ணன் குளிக்கிறதக் காட்டல. அதுக்காக அவன் குளிக்கவே இல்லன்னு சொல்வீகளா?" இந்தப் பதிலைச் சொல்லிவிட்டு, சபையில் யாராவது கை தட்டுகிறார்களா என்று நான் சுற்றிலும் பார்த்ததாகக் கார்த்திகா பின்னால் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

அத்தோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. தவமணி குரல் தழுதழுக்க, "சாவு எப்பவோ தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. அந்த மழைப் பாட்டுலயே தெரிஞ்சுபோச்சு" என்றார்.

"மழைப் பாட்டா? அந்தப் படத்துல ஏது மழைப் பாட்டு?"

சம்மந்தியம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டார். தவமணி ஒவ்வொரு விசேஷத்திலும், மைக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், பாடுகிற ஒரே பாட்டு அதுதானாம். எனக்கு அது எப்படித் தெரியும்? (தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.) மனிதர் முகம் சிவந்து எழுந்து நின்றார். "என் பாட்டையே இல்லங்கிறீகளா?" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் ஏதேதோ அடுக்கினார். அவர் குரல் உயர உயர, முப்பது வருட வகுப்பறை என் தொண்டைக்குள் எழுந்து நின்றது. மேஜையைத் தட்டினேன்.

"உஷ்ஷ்! வாயில விரல வைங்க!"

என் வருங்காலச் சம்மந்தியின் ஆள்காட்டி விரல் பாதி தூரம் வாய்வரைக்கும் போய்விட்டது. நடுவில்தான் அவருக்கு வயது நினைவு வந்து விரலை இறக்கினார். நாள்காட்டிக்கு அடியிலிருந்த நாற்காலியிலிருந்து பெரியத்தை மெல்ல எழுந்தார். நிதானமாகச் சேலையை உதறினார்.

"மணி பத்து முப்பத்தஞ்சு. ராகு காலம் பொறந்துருச்சு. நல்ல நேரம் பூராவும் சாவுப் பேச்சுப் பேசியாச்சு. என் தம்பிய வாயப் பொத்தவும் சொல்லியாச்சு. ஏலே தவமணி, இன்னும் என்ன சகுனம் வேணும் உனக்கு? வேனுக்காரன எழுப்பு."

நான் தாம்பாளங்களைப் பார்த்தேன். பூ வாடவில்லை, வெற்றிலை கருகவில்லை, எல்லாம் காத்துக்கொண்டிருந்தன. ஒரு மணி நேரம் முழுசாக என் கையில் இருந்தது. அதில் தட்டு மாற்ற ஐந்து நிமிடம் போதும். அடுப்படிக்குப் போனேன். கார்த்திகா அலங்காரத்தோடு மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"அம்மா, அந்த லாரி டிரைவர் செத்தானோ இல்லையோ, நான் செத்தேன்" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒன்றரை வருடம் அவள் காத்திருந்ததை நான் ஒரு சினிமாக் கதைக்காகக் கொட்டிவிட்டேன். பெற்றவளாக அவ்வளவு வெட்கப்பட்ட நாள் எனக்கு வேறு கிடையாது.

காப்பாற்றியது விக்னேஷ். வாசலை மறித்து நின்றுகொண்டு, "அத்தை, ராகு காலத்துல கிளம்பிப் போறதும் தப்புதான? பன்னெண்டு மணி வரைக்கும் இங்கதான் இருந்தாகணும்" என்றான். பெரியத்தை இதை எதிர்பார்க்கவில்லை. அவருடைய ஆயுதத்தை அவர் பக்கமே திருப்பிவிட்டான் பையன். அவர் மறுபடி உட்கார்ந்தார். "சும்மா உக்காந்திருக்கிறதுக்கு, அந்தப் படத்தையே போட்டுப் பாத்துருவோம். நெட்ல இருக்கு" என்று டிவியை இயக்கினான்.

முடிவை நேராகப் போடச் சொன்னது நான்தான். (அடங்கிவிட்டேன் என்று நினைத்தீர்களா?) திரையில் தாலி கட்டினார்கள். அண்ணன் லாரியில் ஏறினான். கண்ணாடியில் தங்கையைப் பார்த்தான். சிரித்தான். வண்டி கிளம்பியது. நான் "சுபம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். படம் நிற்கவில்லை. லாரி இறக்கத்தில் இறங்கியது. அண்ணன் காலால் பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். நான் இத்தனை வருடம் பார்க்காத கால் மணி நேரம் என் வீட்டு டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் இந்தப் படம் போட்ட நாட்களிலெல்லாம், தாலி கட்டியதும் 'முடிவுதான் தெரியுமே' என்று அணைத்துவிட்டு எழுந்தவள் நான்.

லாரி பள்ளத்தில் விழுந்தது. தங்கை மாலையோடு ஓடிவந்தாள். தவமணி சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

"மன்னிச்சுக்கங்கண்ணே" என்றேன். என் சர்வீஸில் அந்தச் சொல்லை நான் அதிகம் பயன்படுத்தியதில்லை, நாக்கு சுளுக்கிக்கொண்டது. தவமணி வெற்றியில் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொண்டார், நல்ல மனிதர். ஆனால் ஆசை யாரை விட்டது? "இப்ப அந்த மழைப் பாட்டப் போடுப்பா" என்றார்.

விக்னேஷ் தேடினான். முன்னால் ஓட்டினான், பின்னால் ஓட்டினான். படத்தில் மொத்தம் நான்கு பாட்டு. ஒன்றிலும் ஒரு சொட்டு மழை இல்லை.

"நெட்ல போட்டவன் வெட்டிருப்பான்" என்றார் தவமணி. குரலில் பழைய உறுதி இல்லை.

அப்போது என் கணவர் முதல் தடவையாக அந்த வழக்கில் வாய் திறந்தார். "நம்ம மொக்கராசு அண்ணனக் கேப்பமா?" மொக்கராசு அண்ணன் அந்தக் காலத்தில் எங்கள் ஊர் டாக்கீசில் ஆபரேட்டர். இப்போது வயதாகி வீட்டோடு இருக்கிறார். கணவர் போனைப் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார்.

"லாரிப் படமா? ஏன் ஞாபகம் இல்லாம? கடேசி ரீல வெட்டுனதே நான்தான!" என்றார் மொக்கராசு அண்ணன், விருது வாங்கியவர் குரலில். "மொத நாளு முழுசாத்தான் ஓட்டுனேன். ஞாயித்துக்கெழம மேட்னி. மேல ஏலக்காத் தோட்டத்துல தங்கி வேலை பாக்குற சனமெல்லாம் சாமான் வாங்க ஜீப்புல இறங்கி வந்திருந்தாக. அண்ணன் செத்ததும் பொம்பளையாளுக ஒருத்தி எந்திரிக்கலயே! தரையில உக்காந்து ஒப்பாரி. வெளிய குமுளி ஜீப்புக்காரன் 'மதி மதி, போகாம்'னு, போதும் போவோம்னு மலையாளத்துல கத்தி, ஆரன அடிச்சே கொன்னுட்டான். மறுநாளு மொதலாளி, 'சிரிக்கிறதோட வெட்டுறா'ன்னாரு. வேற படத்துச் சுபம் ஒரு துண்டு கைல கெடந்துச்சு, ஒட்டிவிட்டேன். எம்புட்டுச் சந்தோசமாப் போச்சு தெரியுமா சனம்!"

அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கணவர் விடவில்லை. "அண்ணே, தேவதானப்பட்டில இதே படத்துல மழைப் பாட்டு ஒண்ணு இருந்துச்சாம்ல?"

"தேவதானப்பட்டியா? அங்கன ஆபரேட்டரு என் கூட்டாளிதான். சோகப் படம்னா சனம் பாதில எந்திரிச்சிருமேன்னு, வேற படத்துப் பாட்டு ஒண்ண எடுத்து நடுவுல சொருகிருவான். அவன்கிட்ட ஒரு மழைப் பாட்டு ரீலு இருந்துச்சு. எல்லாப் படத்துலயும் அதத்தான் ஓட்டுவான். சாமி படத்துல கூட மழ பேஞ்சிருக்கு!"

தவமணி அப்படியே சோபாவில் சாய்ந்தார். அழப்போகிறார் என்றுதான் நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. எண்பத்தெட்டின் ஒரே படம் என்று இரண்டு பேரும் உயிரை விட்ட அந்தப் படத்தை, எடுத்தவர் எடுத்தபடி நாங்கள் இரண்டு பேருமே பார்த்ததில்லை!

ஆனால் முடிவு எங்கள் சிரிப்பில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் நாள்காட்டிப் பக்கம் திரும்பினோம். பெரியத்தை டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டைத் தேடி ஓட்டிய விக்னேஷ், தங்கை லாரிக்குப் பக்கத்தில் அழும் இடத்துக்கே திரும்பி வந்து நிறுத்தி வைத்திருந்தான். பெரியத்தையின் கன்னம் இரண்டும் நனைந்திருந்தன. முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

"ஏலே தவமணி, இந்தப் படத்துக்கு என்னையக் கூட்டிட்டுப் போகவே இல்லையேடா நீ."

"நீ அழுவேன்னுதாங்கா கூப்பிடல."

"கூப்பிட்டுருக்கணும்டா" என்று இன்னொரு மூச்சு அழுதார். யாரும் குறுக்கே பேசவில்லை. (நான்கூட.) பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இந்தா டீச்சரு. இந்த வீட்டுக் கல்யாணத்துக்கு அழவேண்டிய அழுகைய நான் இங்கன உக்காந்து அழுது தீத்துட்டேன். கண்ணுபட்டது பூரா இதோட கழிஞ்சுருச்சு. பன்னெண்டே காலுக்குக் கௌரி நல்ல நேரம்னு போட்டிருக்கு. தட்ட எடுத்து வைய்யி. ஒரே ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கக்கா."

"தட்டு மாத்துற வரைக்கும் நீயும் பேசக்கூடாது, என் தம்பியும் பேசக்கூடாது."

பன்னிரண்டே காலிலிருந்து ஐந்து நிமிடம். நானும் தவமணியும் ஒரு சொல் பேசாமல் தாம்பாளங்களை மாற்றிக்கொண்டோம். கார்த்திகா விழுந்து கும்பிட்டபோது பெரியத்தை அவள் நெற்றியில் குங்குமம் வைத்து, "ஆத்தா, நல்லா இரு" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு கீழே இறங்கியது. அடுப்படிக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வேன் கிளம்பிய பிறகு கணவரிடம் கேட்டேன். "நீங்க கம்பத்துக்காரருதான? இந்தப் படத்தக் கம்பத்துல பாத்திருப்பீகளே?"

"பாத்தேன்."

"கடைசில?"

"செத்துத்தான் போனான்."

"கல்யாணமாகி இத்தனை வருசமா அவன் சிரிச்சுட்டுப் போறதப் பத்தி உங்ககிட்ட எத்தன தடவ சொல்லிருக்கேன்! ஒரு நாளாவது சொன்னீகளா?"

"அதச் சொல்லும்போது நீ சந்தோசமா இருந்த. நான் எதுக்கு நடுவுல லாரியக் கவுக்கணும்?" என்று சொல்லிவிட்டு அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். இந்த மனிதரையா இத்தனை நாள் ரசனை இல்லாதவர் என்று நினைத்தேன்!

அன்றிலிருந்து எங்கள் இரண்டு குடும்பத்திலும் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. யாராவது கெட்ட பகுதியை மறைத்து நல்லதை மட்டும் சொன்னால் அது 'கூடலூர் பிரிண்ட்'. இல்லாததைச் சேர்த்து அளந்தால் 'தேவதானப்பட்டி பிரிண்ட்'. மாப்பிள்ளை அலுவலகத்தில் தன்னை எல்லோரும் பாராட்டியதாகச் சொன்னால், "தேவதானப்பட்டியா?" என்று பெரியத்தையே கேட்பார். தவமணி அண்ணன் இப்போதும் விசேஷங்களில் அந்த மழைப் பாட்டைத்தான் பாடுகிறார். எந்தப் படம் என்று மட்டும் சொல்வதில்லை.

போன வருடம் கார்த்திகாவுக்குப் பிரசவத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அடுத்த வாரம் வீட்டுக்குக் கூட்டிவருவதாக இருந்தோம். சம்மந்தி வீட்டார் அவளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார்கள். காலைப் பிரார்த்தனை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. கார்த்திகாதான். குரல் பஞ்சு மாதிரி இருந்தது.

"அம்மா, உனக்குப் பேத்தி பொறந்துட்டா. நானும் நல்லா இருக்கேன். அவ்வளவுதான்."

ஐந்து வாரம் முன்னதாக! அவ்வளவுதானா? "கார்த்திகா, இது கூடலூர் பிரிண்ட்தான?" என்று கேட்டேன். போன் கை மாறியது.

"தங்கச்சி, நான் முழுப் படத்தையும் சொல்றேன். பதறாமக் கேளுங்க" என்றார் தவமணி அண்ணன். பின்னாலிருந்து பெரியத்தையின் குரல் கேட்டது: "ஏலே, பாட்டு எதையும் சேக்காத! நடந்தத மட்டும் சொல்லு!"

அவர் சொன்னார். பிரஷர் ஏறியது, ஆம்புலன்ஸ், ஆபரேஷன், பிள்ளை எடை குறைவு என்று நாலு நாள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நான் பள்ளிக்கூட வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஆனா கடேசி ரீலு கார்த்திகா சொன்னதுதான் தங்கச்சி. அதுல வெட்டு இல்ல. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காக. டாக்டர் இப்பத்தான் பாத்துச் சொல்லிட்டுப் போனாக."

"இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே" என்றேன். சொன்னார். மறுபடியும் கேட்டேன். மூன்று தடவையும் ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அதையே சொன்னார்.